பிக்கப்புக்கு முப்பது நாப்பது லட்சம் குடுத்தா சர்வீஸ் சென்டர்ல என்ன எதிர்பாக்கலாம்? மதுரை ஓனர்கள் வாங்க பேசுவோம்

மேலூர்க்காரன்
வணக்கம் மக்களே. எந்த கம்பெனி வண்டி, எந்த ஷோரூம்னு இங்க சொல்ல மாட்டேன், அது நோக்கமும் இல்ல. நாலு டோர் பிக்கப்பு, ஃபோர் வீல் டிரைவ், வீட்டுக்கும் தோட்டத்துக்கும் சேத்து ஆசைப்பட்டு வாங்குனது. வாரண்டி இன்னும் இருக்கு. ஃபோர் வீல் லைட்டு விட்டு விட்டு மின்ன ஆரம்பிச்சுச்சு, கொண்டு போய் விட்டேன். முன் ஆக்சில்ல இருக்குற ஆக்சுவேட்டர், அதாவது ஃபோர் வீல மாட்டி கழட்டுற கருவி, போயிருச்சு, சென்னைலருந்து பார்ட்டு வரணும், நாலு நாள்ல தந்துருவோம்னு சொன்னாய்ங்க. ரெண்டு மூணு வாரத்துக்கு மேல ஆகிருச்சு, ஒரு போன் கிடையாது. நாம கூப்ட்டா "சார் ஃபாலோ பண்ணிட்டு இருக்கோம்"னு ஒரே பதில். அதையாச்சும் பொறுத்துக்கலாம், போன வாரம் எங்க மச்சான் உத்தங்குடி சிக்னல்ல என் வண்டிய பாத்துருக்காரு, பின்னாடி தொட்டி நெறைய பழைய டயரு, பம்பரு, அட்டைப்பெட்டின்னு ஏத்திக்கிட்டு ஒர்க்‌ஷாப் பையன் ஓட்டிட்டு போறான்! ரிப்பேருக்கு விட்ட வண்டிய லோடு வண்டியா ஓட்டிருக்காய்ங்க. நேர்ல போய் கேட்டா "டெஸ்ட் டிரைவ் சார்"ங்குறாரு அட்வைசர், அதான் நம்மட்ட வண்டிய வாங்கி வேலைய எழுதிக்கிற ஆளு. டெஸ்ட் டிரைவுக்கு எதுக்குய்யா பம்பரு?

நான் கேக்குறது இதுதான். இவ்வளவு வெல குடுத்து பிக்கப்பு வாங்குறவன் டீலர்ட்ட எத நியாயமா எதிர்பாக்கலாம், எதுக்கு சண்ட போடலாம், எத விட்டுறலாம்? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

பைபாஸ்வாசி
தொட்டில டயர் ஏத்துனாய்ங்கன்னு படிச்சதும் எனக்கு ரத்தம் கொதிக்குது ண்ணே. ஒரு செடான் கார விட்டா அதுல இப்படி செய்ய தோணுமா அவங்களுக்கு? பிக்கப்புனாலே லோடு வண்டிங்குற நெனப்பு ஊருக்குள்ள இன்னும் போகல. இதே காசுக்கு கொஞ்சம் மேல போட்டா ஜெர்மன் கம்பெனி கார் கெடைக்கும், அங்க டிரைவர் வீட்டுக்கு வந்து வண்டி எடுத்துட்டு போவாரு, வேல முடிச்சு கழுவி தொடச்சு கொண்டு வந்து விடுவாரு, நாள் ஆகும்னா மாத்து வண்டியும் கேக்கலாம். நமக்கு ஏன் அது கெடையாது? என் கணக்குப்படி 30 லட்சத்துக்கு மேல போன எந்த வண்டிக்கும் மாத்து வண்டி, வீட்ல வந்து எடுத்து விடுறது, தனி அட்வைசர், இந்த மூணும் கட்டாயம் இருக்கணும்.

டீசல்தம்பி
நான் முன்னாடி மதுரைல ஒரு சர்வீஸ் சென்டர்ல அட்வைசரா இருந்தவன், இப்ப வேற தொழில். மேலூர்க்காரன் அண்ணே, நடந்தது அநியாயம், அதுல ரெண்டாவது பேச்சு இல்ல. ஆனா உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா எங்க புடிச்சு கேக்கணும்னு ஒங்களுக்கு தெளிவாகும்.

நம்மூரு ஒர்க்‌ஷாப்புல வர்ற வண்டில பெரும்பாலும் சின்ன காரு, அப்பறம் குடும்ப வேனு மாதிரி பெரிய காரு. பிக்கப்பு எப்பயாச்சும் ஒன்னு வரும். டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பு இந்தியாவுக்கு வந்ததே 2022லதான், இசுசு வி-கிராஸ் 2016ல வந்துச்சு, ரெண்டுமே விக்கிற எண்ணிக்க கம்மி. அதனால ஆக்சுவேட்டர், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் சக்திய பிரிச்சு விடுற பெட்டி) மாதிரி பார்ட்ட மதுரைல யாரும் ஸ்டாக் வைக்க மாட்டாய்ங்க, பணம் முடங்கிரும்னு பயம். மெக்கானிக்குக்கும் கை பழகாது, ஒரு தடவ கழட்டி பாத்துருப்பான், அடுத்தது வர்றதுக்குள்ள அவன் வேற கம்பெனிக்கு போயிருப்பான். வண்டி நீளமும் ஒரு பிரச்சன, ஹைலக்ஸ் 5,325 மில்லிமீட்டரு, வீல் பேஸ் மட்டும் 3,085. சின்ன காருக்குன்னு கட்டுன பே-ல, அதாவது வண்டிய நிறுத்தி வேல பாக்குற எடத்துல, இத நிறுத்துனா பின்னாடி ஆள் நடக்க வழி இருக்காது, அதனால "அப்பறம் பாத்துக்கலாம்"னு வெளிய வெயில்ல நிறுத்திருவாங்க. சோம்பேறித்தனம் மட்டும்னு நெனைக்காதீங்க, எடம் அப்படி.

இன்னொன்னு, பார்ட்டு ஆர்டர்ல ரெண்டு விதம் உண்டு. சாதாரண ஸ்டாக் ஆர்டர் ஒன்னு, வண்டி ஓடாம நிக்கிதுன்னு போடுற அவசர ஆர்டர் ஒன்னு. அவசரத்துல போட்டா செலவு கூட, ஆனா வெரசா வரும். வண்டி ஓட்டுற நெலமைல இருக்கு, லைட்டு மட்டும்தான் மின்னுதுன்னா சாதாரணத்துல போட்டு விட்ருவாங்க. அதனால நீங்க கேக்க வேண்டியது "எப்ப வரும்"னு இல்ல. "எந்த தேதில ஆர்டர் போட்டீங்க, எந்த வகைல போட்டீங்க, ஆர்டர் நம்பர் என்ன"ன்னு கேளுங்க. அட்வைசர் முழிச்சார்னா ஆர்டரே போடலன்னு அர்த்தம்.

அப்பறம் வண்டிய விடும்போது ஜாப் கார்டுல, அதான் என்ன வேலன்னு எழுதுற சீட்டுல, கிலோமீட்டர் எழுதிருப்பாங்க, காப்பி இருக்கா?

மேலூர்க்காரன்
இருக்கு தம்பி, அதுல கிலோமீட்டரும் இருக்கு. நாளைக்கு போய் மீட்டர போட்டோ எடுத்துட்டு வாரேன். ஆர்டர் நம்பர் கேக்கணும்னு தோணவே இல்ல, நன்றி.

அவனியாபுரம் காளை
பைபாஸ்வாசி அண்ணன் சொல்றதுல எனக்கு ஒப்புதல் இல்ல. நானும் பெரிய பிக்கப்பு வச்சுருக்கேன், தை மாசம் காளைய ஏத்திட்டு போறதும் அதுலதான், ஒரத்து மூடை ஏத்துறதும் அதுலதான். எங்க தம்பி சின்ன லோடு வண்டி வச்சு மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு பூ ஏத்துறான். அவன் வண்டி ஒரு நாள் நின்னா அன்னைக்கு வீட்ல வருமானம் இல்ல. என் வண்டி நின்னா நான் பைக்கு எடுத்துட்டு போயிருவேன். அப்ப மாத்து வண்டி யாருக்கு மொதல்ல குடுக்கணும்? முப்பது லட்சம் மேல போனாத்தான் மருவாதின்னா அவனுக்கு என்ன வழி? ஏசி ரூம்ல எனக்கு காபி குடுத்துட்டு அவன வெளிய மரத்தடில நிக்க வச்சா எனக்கு அந்த காபி எறங்காது.

பைபாஸ்வாசி
காளை அண்ணே, ஒங்க தம்பிய கொறச்சு நடத்தணும்னு நான் சொல்லல. ஆனா விக்கிறப்ப "பிரீமியம் லைஃப்ஸ்டைல்"னு பேசி விக்கிறாங்கல்ல, லெதர் சீட்டு, சன்செட் போட்டோ, மலை உச்சின்னு விளம்பரம். அந்த பேச்சுக்கும் சேத்துத்தான் காசு வாங்குறாய்ங்க. விக்கும்போது ஒரு மொகம், ரிப்பேருக்கு போனா இன்னொரு மொகம்னா அது ஏமாத்துறதுதான?

அவனியாபுரம் காளை
அது சரி. வித்த வாய் காப்பாத்தணும்ங்குறதுல நானும் ஒங்க பக்கம்தான்.

ஹூஸ்டன் மதுரைக்காரன்
நான் செல்லூர்ல பொறந்து வளந்தவன், இப்ப டெக்சாஸ். பிக்கப்புக்கு தாய்வீடே இந்த ஊருதான். ஃபோர்டு எஃப் சீரிஸ் 1977லருந்து இங்க அதிகமா விக்கிற டிரக்கு. அதுல எஃப்-150ன்னு எடுத்துக்கிட்டா ரப்பர் தரையோட வர்ற எக்ஸ்எல்லும் அதே பேருதான், லெதர் சீட்டு, மசாஜ் சீட்டுன்னு விக்கிற பிளாட்டினமும் அதே பேருதான். ரெண்டும் ஒரே டீலர்ட்ட, ஒரே கவுண்டர்ல, ஒரே க்யூவுல. இங்க ஓனருங்க பொலம்புறதும் நம்ம பைபாஸ்வாசி பொலம்புறதும் அச்சு அசலா ஒன்னு. அதே கம்பெனியோட ஆடம்பர பிராண்டு லிங்கன், அங்க வண்டிய வீட்லயே வந்து எடுத்துக்கிட்டு மாத்து வண்டி விட்டுட்டு போறத பெருமையா விளம்பரம் பண்ணாங்க. லிங்கன் விலைக்கே டிரக்கு வாங்குனவன் "எனக்கு ஏன் இல்ல"ன்னு கேக்குறான்.

ஆடம்பர பிராண்டுகளே பிக்கப்பு செஞ்சு பாத்துருக்காங்க. லிங்கன் பிளாக்வுட் 2002 மாடலா வந்துச்சு, ஒரே மாடல் வருஷத்தோட இங்க முடிஞ்சுச்சு. கேடிலாக் எஸ்கலேட் இஎக்ஸ்டி 2002லருந்து 2013 வரைக்கும் ஓடுச்சு. மெர்சிடிஸ் எக்ஸ் கிளாஸ் 2017ல வந்து 2020ல நிறுத்திட்டாங்க, அது இந்தியாவுக்கும் வரல அமெரிக்காவுக்கும் வரல. இப்படி ஆடம்பர ஷோரூம்ல பிக்கப்பு நெலச்சு நிக்காததாலதான் வெலகூடுன பிக்கப்பு எல்லாம் சாதாரண ஷோரூம் வழியா விக்குது, சர்வீசும் அந்த ஷோரூம் பழக்கப்படியே நடக்குது. வண்டியோட வெலைய பாத்து சர்வீஸ எதிர்பாத்தா ஏமாறுவோம், பிராண்டு தன்னோட எல்லா வண்டிக்கும் என்ன செய்யுதுன்னு பாத்துட்டு வாங்கணும்ங்குறது என் கருத்து.

ஒன்னு மட்டும் இங்க நல்லாருக்கு. லெமன் லா. டெக்சாஸ்ல புது வண்டி வாங்குன 24 மாசம் இல்லனா 24,000 மைலுக்குள்ள வாரண்டி ரிப்பேருக்காக மொத்தம் 30 நாளோ அதுக்கு மேலயோ ஒர்க்‌ஷாப்புலயே கெடந்துச்சுன்னா, சில நிபந்தனையோட, வண்டிய மாத்தி தாங்க இல்ல காச திருப்பி தாங்கன்னு கேக்கலாம். டீலர் மாத்து வண்டி குடுத்த நாளு அந்த 30ல சேராது. அதனாலதான் டீலருக்கு மாத்து வண்டி குடுக்க மனசு வருது. சும்மா பெருந்தன்மைல இல்ல.

பைபாஸ்வாசி
இதுதான் விஷயம்! நம்ம நாட்டுல அந்த மாதிரி தனி சட்டம் இல்ல, அதனால எத்தன வாரம் நின்னாலும் அவங்களுக்கு நட்டம் இல்ல.

போடிமெட்டு
நான் பெண். ஏலக்காய் தோட்டம் இருக்கு, மலைல ஏறி எறங்க பிக்கப்பு நானே ஓட்டுறேன். போடிலருந்து மதுரை 90 கிலோமீட்டரு, சர்வீசுக்கு அங்கதான் வரணும். மாத்து வண்டி, காபி எதுவும் எனக்கு வேணாம். நான் பேசும்போது என்னைய பாத்து பதில் சொல்லணும். நான் கேள்வி கேக்குறேன், அட்வைசர் பக்கத்துல நிக்கிற எங்க தோட்டத்து ஆள பாத்து பதில் சொல்றாரு. அவருக்கு வண்டி ஓட்டவே தெரியாது! பில்லுல கையெழுத்து போடுறதும் நான், காசு குடுக்குறதும் நான்.

டெலிவரி அன்னைக்கு கேக்கு வெட்டுனாங்க, பெரிய அட்டை சாவி குடுத்து போட்டோ எடுத்தாங்க, ஆனா ஃபோர் எச் (சாதாரண வேகத்துக்கான ஃபோர் வீலு) எப்ப போடணும், ஃபோர் எல் (மெதுவா, பலமா இழுக்குறதுக்கான ஃபோர் வீலு) எப்ப போடணும், டிஃப் லாக்க (ரெண்டு பக்க சக்கரத்தையும் ஒன்னா சுத்த வைக்கிறது) எப்ப தொடவே கூடாதுன்னு ஒருத்தரும் சொல்லல. இந்த மாதிரி பிக்கப்புல வர்றது பார்ட் டைம் ஃபோர் வீலு, தேவைப்படும்போது மட்டும் போடுறது, காஞ்ச தார் ரோட்டுல ஃபோர் எச் போட்டு வளைச்சா முன் சக்கரமும் பின் சக்கரமும் வேற வேற தூரம் ஓடணும், நடுவுல அந்த வித்தியாசத்த சரிக்கட்டுற டிஃபரன்ஷியல் இல்லாததால உள்ள முறுக்கிக்கிட்டு பல்லு தேயும். இத நான் புஸ்தகத்த படிச்சு தெரிஞ்சுக்கிட்டேன். இத்தன லட்சம் வாங்குனவங்க அரமணி நேரம் ஒரு மண் ரோட்டுல கூட்டிட்டு போய் சொல்லித்தந்தா என்ன கொறஞ்சு போயிரும்? அழகர்கோவில் பக்கம் எத்தன மண் பாத இருக்கு.

வாரண்டில "தப்பா பயன்படுத்துனதுக்கு பொறுப்பு இல்ல"ன்னு எழுதுறவங்க சரியா பயன்படுத்துறத சொல்லித்தர கடமைப்பட்டவங்க. அதுல நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.

டீசல்தம்பி
அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. டெலிவரி நேரத்துல சேல்ஸ் பையனுக்கு அடுத்த டெலிவரிக்கு நேரம் ஆச்சுங்குற பதட்டம், அவனுக்கே ஃபோர் எல் போட்டு பழக்கம் இருக்காது.

டிபிஎஃப்-ம் அப்படித்தான். பிஎஸ் 6 டீசல்ல புகைக்கரிய புடிச்சு வைக்கிற ஃபில்டரு, அது நல்லா சூடேறினாத்தான் கரிய எரிச்சு சுத்தமாகும். சிம்மக்கல், மாசி வீதி, கோரிப்பாளையம்னு டவுனுக்குள்ளயே உருட்டுனா சூடே ஏறாது, லைட்டு வந்துரும். வந்ததும் நாலுவழிச்சாலைல திருமங்கலம் பக்கமா ஒரே சீரா ஓட்டிட்டு வந்தா பெரும்பாலும் அணைஞ்சுரும். இத டெலிவரிலயே சொல்லிருந்தா பாதி பேரு ஒர்க்‌ஷாப்புக்கே வரமாட்டாங்க. சொல்லாம விட்டுட்டு, வண்டி வந்ததும் மெஷின் மாட்டி சுத்தம் பண்ணி பில்லு போடுவாங்க. நான் வேல பாக்கும்போதே எனக்கு இது உறுத்தும்.

மறுபக்கமும் சொல்லணும். காலி வண்டில பின்னாடி தூக்கித்தூக்கி போடுதுன்னு சண்டைக்கு வருவாங்க. அது லீஃப் ஸ்பிரிங், லோடு தாங்குறதுக்கு செஞ்சது, காலியா ஓட்டுனா துள்ளத்தான் செய்யும். டோர் பக்கம் ஒட்டிருக்குற ஸ்டிக்கர்ல காலி வண்டிக்கு எவ்வளவு காத்துன்னு இருக்கும், அத பாத்து வச்சா கொஞ்சம் அடங்கும். இதுக்கு அட்வைசர திட்டி பிரயோசனம் இல்ல.

கோர்ட்டு வாசல்
வக்கீல் தொழில்ல இருக்கேன். மேலூர்க்காரன் விஷயத்துல சில சட்ட விஷயம் சொல்றேன், கவனமா படிங்க.

தனியா லெமன் லா இல்லைங்குறது உண்ம. ஆனா 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, 2020 ஜூலைலருந்து அமல்ல இருக்கு. சேவைல கொறைபாடுங்குறது அதுல தெளிவா இருக்கு. நீங்க குடுத்த வெல 50 லட்சம் வரைக்கும்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே வழக்கு போடலாம், நீங்க குடியிருக்குற மாவட்டத்துலயே போடலாம், கம்பெனி தலைமை ஆபீசு எங்க இருந்தாலும் கவல இல்ல. 20லருந்து 50 லட்சத்துக்கு கட்டணம் 1,000 ரூபாதான். பிரச்சன வந்த நாள்லருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். வக்கீல் வைக்கணும்னு கட்டாயம் இல்ல. அதுக்கு முன்னாடி தேசிய நுகர்வோர் உதவி மையத்தோட 1915 நம்பருக்கு பேசி புகார் பதிவு பண்ணலாம், பல விஷயம் அங்கயே பேசி முடியும்.

வண்டிய லோடு அடிக்க ஓட்டுனதுக்கு இன்னும் பழைய சட்டம் இருக்கு. 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 154. நம்ம பொருள ஒரு வேலைக்காக ஒருத்தர்ட்ட ஒப்படைச்சா, அந்த வேலைக்கு மீறி அவர் அத பயன்படுத்தி சேதம் வந்துச்சுன்னா அவருதான் பொறுப்பு. கவனமாத்தான் ஓட்டுனோம்னு சொல்லி தப்பிக்க முடியாது. அதனால தொட்டில கீறல், லைனர்ல (தொட்டிக்குள்ள போடுற ஒறை) கிழிசல் இருந்தா இப்பவே போட்டோ எடுத்து மெயில்ல அனுப்பிருங்க. வாய்ப்பேச்சு வேணாம், எல்லாம் எழுத்துல இருக்கணும்.

அவனியாபுரம் காளை
வக்கீல் சார், ஒரு சந்தேகம். பிக்கப்புன்னா தொழிலுக்கு வாங்குனது, நீ நுகர்வோரே இல்லன்னு தட்டி விட்ருவாங்கன்னு ஒருத்தர் சொன்னாரே?

கோர்ட்டு வாசல்
நல்ல கேள்வி, பிக்கப்பு ஓனருங்க எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டியது. வணிக நோக்கத்துக்கு வாங்குனா நுகர்வோர் இல்லன்னு சட்டத்துல இருக்கு. ஆனா சொந்தமா ஒழச்சு பொழைக்கிறதுக்கு மட்டும்னு வாங்குனா அது வணிக நோக்கத்துல சேராதுன்னும் அதுலயே இருக்கு, ஒங்க தம்பியோட பூ வண்டி அப்படி. கம்பெனி பேர்ல வாங்குனாலும் உடனே தள்ளிற முடியாது, ஒரு கம்பெனி தன்னோட டைரக்டர் சொந்த உபயோகத்துக்கு வாங்குன ஆடம்பர கார வணிக நோக்கம் இல்லன்னு 2024 ஜூலைல உச்ச நீதிமன்றம் சொல்லிருக்கு. வண்டிய முக்கியமா எதுக்கு பயன்படுத்துறோம்ங்குறதத்தான் பாப்பாங்க. அதே சமயம் பத்து வண்டி வச்சு குவாரிக்கு வாடகைக்கு விடுறவங்க வந்தா கஷ்டம்தான்.

நத்தம்ரோடு
நடுவுல ஒரு கேள்வி, வெளிய மெக்கானிக்ட்ட ஆயில் மாத்துனா வாரண்டி போயிரும்னு பயமுறுத்துறாய்ங்களே, நெசமா?

டீசல்தம்பி
ஆயில் மாத்துனதுக்காக மொத்த வாரண்டியும் போயிரும்னு சொல்றது சரியில்ல. 2014 ஆகஸ்டுல இந்திய போட்டி ஆணையம், அதான் கம்பெனிங்க சந்தைய அமுக்காம பாக்குற அரசு அமைப்பு, 14 கார் கம்பெனிக்கு சேத்து 2,544 கோடி அபராதம் போட்டுச்சு, உதிரி பாகத்த வெளிச்சந்தைல விடாம வச்சதுக்கு. வெளிய சர்வீஸ் பண்ணா வாரண்டியே ரத்துன்னு ஒட்டுமொத்தமா நிபந்தன போடக்கூடாதுன்னும் அந்த உத்தரவுல சொன்னாங்க. கம்பெனிங்க மேல் முறையீடு போனாங்க, அது தனிக்கத. வெளிய பண்ண வேலையாலதான் பழுது வந்துச்சுன்னா வாரண்டி கெடைக்காது, அது நியாயம். நடைமுறைல சொல்லணும்னா வாரண்டி முடியுற வரைக்கும் பெரிய வேல உள்ளயே பாருங்க, பில்லு எல்லாத்தையும் பத்திரமா வைங்க. இன்சூரன்சும் அப்படித்தான், டீலர்ட்டதான் போடணும்னு கட்டாயப்படுத்த முடியாது.

வண்டிய விடும்போது செய்ய வேண்டியத ஒரே மூச்சுல சொல்லிர்றேன். மீட்டரு, டீசல் முள்ளு, தொட்டி, நாலு பக்கம்னு வீடியோ எடுங்க, டயர் பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், எந்த வாரம் எந்த வருஷம் செஞ்சதுன்னு, அதும் வீடியோல விழட்டும், டேஷ்கேம் இருந்தா ஓடவிட்டே குடுங்க, ஜாப் கார்டுல "டெஸ்ட் டிரைவ் இத்தன கிலோமீட்டருக்கு மேல வேணாம், லோடு ஏத்தக்கூடாது"ன்னு ஒங்க கையால எழுதி அட்வைசர கையெழுத்து போட சொல்லுங்க. நல்ல அட்வைசர் கோவிச்சுக்க மாட்டாரு.

அப்பறம் சர்வீஸ் முடிஞ்சதும் போன்ல "பத்துக்கு பத்து குடுங்க சார், இல்லனா என் இன்சென்டிவ் போயிரும்"னு கெஞ்சுவாங்க. பாவம் பாத்து பத்து குடுக்காதீங்க. அந்த மார்க்குதான் கம்பெனிக்கு போற ஒரே கண்ணாடி, பொய்யா குடுத்தா மதுரைல எல்லாம் நல்லாருக்குன்னுதான் மேல தெரியும், ஆளும் பார்ட்டும் அனுப்ப மாட்டாங்க. அட்வைசர் நல்லவரா இருந்தா அவருக்கு பத்து போட்டுட்டு பார்ட்டு லேட்டானத தனியா எழுதுங்க.

மேலூர்க்காரன்
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நேத்து போயிட்டு வந்தேன், நடந்தத சொல்றேன்.

மீட்டர் கணக்கு பாத்தா ஜாப் கார்டுல இருந்தத விட நல்லாவே கூட ஓடிருக்கு. தொட்டி லைனர்ல புதுசா கிழிசல். போட்டோ எடுத்து அங்க உக்காந்தே டீலருக்கும் கம்பெனி கஸ்டமர் கேருக்கும் ஒரே மெயில்ல அனுப்புனேன், வக்கீல் சார் சொன்ன 154ம் போட்டேன். கொஞ்ச நேரத்துல சர்வீஸ் மேனேஜரே எறங்கி வந்தாரு. டீசல்தம்பி சொன்ன மாதிரி ஆர்டர் நம்பர் கேட்டேன். ஆர்டர் போட்டதே முந்தா நாள்தான்! அதுவும் சாதாரண ஆர்டரு. அவர் முன்னாடியே அவசர ஆர்டரா மாத்த வச்சாரு, நம்பர எழுதி குடுத்தாரு. லைனர் அவங்க செலவுல புதுசு போட்டுத் தரணும், ஓட்டுன டீசலுக்கு காசு தரணும், வண்டிய இனி கூரைக்கு கீழ நிறுத்தணும், பார்ட்டு வர்ற வரைக்கும் ரெண்டு நாளைக்கு ஒரு தடவ அவங்களே கூப்ட்டு சொல்லணும். நாலையும் மெயில்ல ஒத்துக்கிட்டு பதில் போட்டுருக்காரு.

மாத்து வண்டி கேட்டேன் பைபாஸ்வாசி, இல்லன்னுட்டாரு. டெமோ வண்டி சும்மாதான நிக்கிது அத குடுங்கன்னு சொன்னேன், மேல கேட்டு சொல்றேன்னுருக்காரு. வண்டிய ஓட்டுன பையன வேலைய விட்டு தூக்கிருவோம்னாரு, அது வேணாம்னு சொல்லிட்டேன், அவனா எடுத்துட்டு போயிருக்க மாட்டான், யாரோ போகச் சொல்லித்தான் போயிருப்பான்.

போடிமெட்டு
அந்த பையனுக்காக பேசுனீங்களே, சந்தோசம் அண்ணே. மேனேஜர்ட்ட இன்னொன்னும் கேட்டுப்பாருங்க, தேனி போடி பக்கம் மாசத்துக்கு ஒரு தடவையாச்சும் சர்வீஸ் வேன் அனுப்ப முடியுமான்னு. ஆயில் மாத்துறது, ஃபில்டர் மாத்துறதுக்கெல்லாம் 90 கிலோமீட்டர் வர வேண்டியதில்ல. இங்கிட்டு பிக்கப்பு வச்சுருக்குற தோட்டக்காரங்க பேர் லிஸ்டு நான் சேத்து தாரேன்.

மேலூர்க்காரன்
கண்டிப்பா கேக்குறேன்மா. லிஸ்ட அனுப்பி வைங்க, பார்ட்டு மாட்டும்போது நான் அங்க போய் நிப்பேன், அப்ப கையோட குடுத்துர்றேன்.